பின்கதவைத் திறக்கச் சொன்னவள்

சான் ஹோசே, கலிஃபோர்னியா
11 மே 2009

லுவாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். என் குரலைக் கேட்டதுமே போனைப் பட்டென்று வைக்கிறவளுக்கு உடம்பில் தெம்பு இல்லாமலா இருக்கும்? நான்கு தடவை கூப்பிட்டேன், நான்கு தடவையும் வைத்தாய். கடிதத்தைக் கிழிப்பதானாலும் கையில் வாங்கித்தானே கிழிக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் ஊரில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. கடைக்குட்டி, கடைக்குட்டி என்று உனக்குத் தலை சீவிவிட்டவள் நான். அமெரிக்கா வந்தபின் நகத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவளும் நான். என் பத்து விரலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ ஒட்டு நகத்தைக் கோணலாக ஒட்டிப் பழகினாய். அந்த விரல்களுக்கு நீ செய்த கைம்மாறு என்ன தெரியுமா?

நீ கோபித்துக்கொண்டு நம் நகக் கடையை விட்டுப் போன ஐந்தாம் நாள் அரசாங்க ஆள் ஒருவன் வந்தான். பாட்டில்களை எடுத்துப் பார்த்தான், பெயர்ச்சீட்டு இல்லாததை எல்லாம் எண்ணினான், குப்பைக்கூடைக்கு மூடி எங்கே என்று கேட்டான். போகும்போது முன்கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். நம் வாடிக்கைக்காரி திருமதி பாச்செகோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தாள். கால் கழுவும் தொட்டிக்குள் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

இந்தக் கடைமேல் குறை சொன்னவள் ஒருத்திதான். தலைவலி, இருமல், கண்ணெரிச்சல், பின்கதவைத் திற, மின்விசிறியைப் போடு. பதினான்கு வருஷமாக நானும் அதே காற்றைத்தான் இழுக்கிறேன். எனக்கு ஒரு நாற்றமும் தெரிவதில்லை. உனக்குத்தான் நாய் மூக்கு.

ஏப்ரலில் அப்பாவின் நினைவு நாளுக்கும் நீ வரவில்லை. உன் அண்ணன் தனியாக ஊதுபத்தி ஏற்றினார்.

நீதானே அவனை அனுப்பிய ஆபீசுக்குப் போன் செய்தாய்? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுது. மற்றதைப் பிறகு பேசலாம்.

சுயென்

திருமதி பாச்செகோ தன் கட்டைவிரலில் நீ போடும் ஆப்ரிகாட் பூவையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே யாருக்கும் வரவில்லை. சொல்ல மனமிருந்தால் சொல், இல்லாவிட்டால் விடு.


பிலாக்சி, மிசிசிப்பி
28 மே 2009

அண்ணி,

நான் போன் செய்யவில்லை. இதை ஒருமுறைதான் எழுதுவேன். யார் செய்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பள்ளித் தோழி மாய் வீட்டில் தங்கியிருக்கிறேன். அவளுடைய ரொட்டிக் கடையில்தான் வேலை. நீள ரொட்டியைப் பிளந்து, ஊறுகாய்க் கேரட்டும் பன்றி இறைச்சியும் வைத்துக் கொடுக்கிறேன். சட்டையில் ரொட்டி வாசனை ஒட்டிக்கொண்டு வருகிறது. பேருந்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எழுந்து வேறு இடம் போவதில்லை. இதெல்லாம் எனக்குப் புதிது.

இருமல் ஐந்தாவது வாரத்தில் நின்றது. நின்ற அன்று எதையோ எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல இருந்தது. இமை வீக்கம் வற்றிவிட்டது. விரல் நுனியில் வெடித்த தோல் ஆறி, சதையை விட்டுத் தூக்கிக்கொண்ட நகங்கள் பாதிவரை புதிதாக வளர்ந்திருக்கின்றன.

அப்பாவின் நினைவு நாளை நான் மறக்கவில்லை. கேக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கிண்ணம் சோறு வைத்து, ஊதுபத்தி ஏற்றினேன்.

பூவுக்கு: ஐந்து புள்ளிகளைச் சரியான வட்டமாக வைக்காதீர்கள், சற்றே கோணலாக இருக்கட்டும். பாலிஷ் பாதி காய்ந்த பிறகு ஊசியை வெளியிலிருந்து நடுவுக்கு இழுங்கள். நீங்கள் நடுவிலிருந்து வெளியே இழுப்பீர்கள், அதனால்தான் வருவதில்லை. தாளில் வரைந்து வைத்திருக்கிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லுவா


சான் ஹோசே
20 ஜூன் 2009

கடைக்குட்டிக்கு,

(பழக்கத்தில் இப்படி எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.)

‘நான் செய்யவில்லை’ என்கிறாய். எந்தப் பூனை, மீனை நான்தான் தின்றேன் என்று வாயைத் துடைக்காமல் வந்து நின்றிருக்கிறது?

நீ வரைந்து அனுப்பியது போலவே போட்டேன். திருமதி பாச்செகோ விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “சுயென், இது பூவா, நசுங்கின இறாலா?” என்று கேட்டாள். கடையே சிரித்தது. ஹுவே சிரித்துச் சிரித்து இருமினாள், அவளைப் பார்த்து நானும் இருமினேன். மூன்றாம் தடவை ஓரளவு வந்தது. அந்தமட்டுக்கு நன்றி.

ஹுவே மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். மணிக்கு ஒருதரம் பின்பக்கம் போய், பக்கத்துச் சலவைக் கடைச் சுவரில் சாய்ந்து நின்றுவிடுகிறாள். “அக்கா, தலை சுத்துது. நகத்துக்குக் குழைக்கிற அக்ரிலிக் வாடை குமட்டுது” என்கிறாள். “மூணாம் மாசம் யாருக்குத்தான் சுத்தல? எங்கம்மாவுக்கு வயல்லயே சுத்துச்சு, நாத்தைக் கையில புடிச்சிட்டே நின்னா” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன்னிடம் ஒன்பது வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கற்றது.

என் இருமலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, ஆனால் மனதில் நினைத்திருப்பாய். இது பூந்தாது ஒவ்வாமை. கலிஃபோர்னியாவில் பாதிப் பேருக்கு உண்டு.

உன் அண்ணன்தான் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறார். பேருந்து ஓட்டிவிட்டு வந்த களைப்போடு பாத்திரம் கழுவுகிறார், பழம் நறுக்கித் தருகிறார், கேட்காமலே இஞ்சி தட்டிக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார். உன் பேச்சை எடுத்தால் மட்டும் குப்பை கொட்டக் கிளம்பிவிடுகிறார். நேற்று மூன்று தடவை போனார். கூடையில் ஒன்றுமே இல்லை.

சுயென்


பிலாக்சி
12 ஜூலை 2009

அண்ணி,

பூனை என்று எழுதியிருந்தீர்கள். பூனையின் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. அடுத்தடுத்து மூன்று பேருக்கு முழு அக்ரிலிக் நகம். திரவக் கிண்ணம் என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில். ராவின தூள் என் மடியில், புருவத்தில், பல்லில். பின்கதவைத் திறக்கலாமா என்று கேட்டேன். “காலை நனைச்சிட்டு உக்காந்திருக்காங்க, குளிர் அடிக்குது, மூடு” என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து இரண்டாம் முறை கேட்டேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை கேட்க மூச்சு இல்லை.

உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை, அண்ணி. நெஞ்சுக்குள் யாரோ விசிலடிப்பது போலிருந்தது. எழுந்து போய்ச் சலவைக் கடைக்குப் பின்னால், கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தேன். நீங்கள் வந்தீர்கள். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் முதுகைத் தடவிக் கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். “நடிக்காத லுவா. உள்ள ஆளுங்க காத்திருக்காங்க” என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டுதான் இந்த ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

இங்கே கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை டாக்டர் வருகிறார். ஆஸ்துமா என்றார், அதுவும் வேலையால் வந்தது என்றார். அந்தத் திரவத்தை இனி ஆயுளுக்கும் தொடக்கூடாதாம். ஒன்பது வருஷம் பழகிய கை. அன்றைக்கு நன்றாக அழுதேன். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு ரொட்டி வெட்டப் போனேன்.

உங்களுடையது பூந்தாது என்கிறீர்கள். டிசம்பரிலும் இருமினீர்களே, டிசம்பரில் எந்தப் பூ பூத்தது?

ஹுவேயை அக்ரிலிக் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். எனக்காக வேண்டாம், அவள் வயிற்றில் இருப்பதற்காக.

இங்கே வேறு விசேஷம் இல்லை. லியெம் என்று ஒரு இறால் படகுக்காரர் தினமும் வந்து இரண்டு ரொட்டி வாங்குகிறார். தனி ஆளுக்கு இரண்டு ரொட்டி அதிகம் என்கிறாள் மாய்.

லுவா


சான் ஹோசே
14 செப்டம்பர் 2009

லுவா,

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றும் சண்டைக் கடிதம். டிசம்பரில் எந்தப் பூ பூத்தது என்று கேட்டாயே, அந்த வரிக்கு வந்ததும்தான் ஒவ்வொரு தடவையும் கிழித்தேன். ஹுவேயை மறுநாளே போன் எடுக்கிற மேசைக்கு மாற்றிவிட்டேன். நீ சொன்னதற்காக என்று யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது வேறொன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

போன ஞாயிறு மத்தியானம். கெளுத்தி மீன் போட்டுப் புளிச் சூப்பு வைத்தேன். அடுப்புக்கு முதுகைக் காட்டி மேசையில் உட்கார்ந்து முளைப்பயறுக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தேன். சூப்பு பொங்கி நெருப்பை அணைத்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ, பயறு பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

உன் அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். குமிழை மூடினார், ஜன்னலைத் திறந்தார், என் கையைப் பிடித்து மாடிப்படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு வந்துவிட்டார்.

“ஏங்க, பைத்தியமா பிடிச்சிருக்கு? சூப்பு என்ன ஆகுறது!” என்று கத்தினேன்.

“கேஸ் நாறுது சுயென்! கீழ்ப்படியிலயே நாறுது! உனக்குத் தெரியலையா?”

“எனக்கு ஒண்ணும் நாறலையே.”

சொல்லிவிட்டு, நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. இதையேதான் வருஷக்கணக்காக உன்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடு காற்றாடியதும் அவர் நெடி அடிக்கும் மீன்சாறு பாட்டிலைக் கொண்டுவந்து என் மூக்குக்குக் கீழே பிடித்தார். கண்ணை மூடச் சொன்னார். பிறகு தண்ணீர்க் குவளையைப் பிடித்தார். இரண்டும் எனக்கு ஒன்றாக இருந்தன. அந்த மனுஷன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். நாம் ஊரை விட்டுக் கிளம்பிய நாளுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை.

“நான்தான் போன் பண்ணினேன்” என்றார்.

“யாருக்கு?”

“அந்த ஆபீசுக்கு. நீ இருமுறதைப் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே எத்தனை வருஷம் இருக்கிறது? நான் சொன்னா நீ கேக்க மாட்ட. அரசாங்கம் சொன்னா கேப்பேன்னு நினைச்சேன். நீ லுவா மேல பழி போடுவேன்னு நான் கண்டேனா?”

“போட்ட பிறகாவது சொல்லியிருக்கலாமே!”

“பயம்.”

அவ்வளவுதான் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. இன்னமும் முழுதாகப் பேச்சு வார்த்தை இல்லை. சோறு வைக்கிறேன், வேறு கேட்காதே.

லுவா, நீ அன்றைக்கு நடிக்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த உன் முதுகு ஏறி இறங்கியது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அப்போதே கண்ணில் பட்டதுதான். பார்க்கக்கூடாது என்று பார்க்காமல் இருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இப்போது கேட்கிறேன்.

சுயென்


பிலாக்சி
29 செப்டம்பர் 2009

அண்ணி,

கடையில் நின்றுகொண்டே படித்தேன். கேஸ் என்ற இடம் வந்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். மாய் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன்தான் போன் செய்தார் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். அங்கே கோயிலில் ஒரு பெண் கொடுத்த தாளில் அந்த ஆபீஸ் எண் இருந்தது. நான் இந்த ஊருக்குக் கிளம்பிய காலையில் அண்ணன் அதை என்னிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சும்மா, பாக்கத்தான்” என்றார். சும்மா எதையும் பார்க்கிற ஆளா அவர்?

பிறகு ஏன் சொல்லவில்லை என்பீர்கள். சொல்லியிருந்தால் அவரை வீட்டை விட்டு விரட்டியிருப்பீர்கள். என்னை விரட்ட முடியாது, நான் ஏற்கெனவே போய்விட்டேன். பழி என்று ஒன்று வந்துவிட்டால் அது எங்கேயாவது இருந்துதானே ஆகவேண்டும்? இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் இருமலைக் கேட்டுக்கொண்டிருக்க அங்கே ஓர் ஆள் வேண்டுமே.

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அண்ணன்மேல் இருக்கிறது. ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லையே! அதை நான் அவரிடம் நேரில் தீர்த்துக்கொள்கிறேன். நீங்கள் அவருக்குச் சோற்றோடு கொஞ்சம் குழம்பும் ஊற்றுங்கள்.

நடித்தேன் என்ற அந்த வார்த்தை இப்போது என்னிடம் இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று போய்விட்டது.

இனி, தயவுசெய்து கேளுங்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள், கடையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். திரவத்தைச் சிறிய வாயுள்ள, மூடி போட்ட கிண்ணத்தில் வையுங்கள். பாலிஷ் அழிக்கிற அசிடோன் நனைத்த பஞ்சைத் திறந்த கூடையில் போடாதீர்கள், பையில் கட்டி, மூடியுள்ள கூடையில் போடுங்கள். நீல நிறத்தில் வருகிற கையுறைதான் வேண்டும், மெல்லிய வெள்ளை உறையில் திரவம் ஊறி உள்ளே வந்துவிடும். துணி முகமூடி தூளைக் கொஞ்சம் தடுக்கும், வாடையைத் தடுக்காது, அதை நம்பாதீர்கள். பின்கதவில் விசிறி வைத்தால் வெளியே பார்த்து வையுங்கள். உள்ளே பார்த்து வைத்தால் எல்லா நாற்றமும் ஹுவே முகத்தில்தான் அடிக்கும்.

உங்களுக்குக் கட்டளை போடுகிறேன். என்ன காலம்!

லுவா

லியெம் இப்போது மூன்று ரொட்டி வாங்குகிறார்.


சான் ஹோசே
16 நவம்பர் 2009

கடைக்குட்டி,

அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னை நன்றாக முட்டாளாக்கியிருக்கிறீர்கள். உன் கடிதத்தை அவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ‘சும்மா எதையும் பார்க்கிற ஆளா’ என்ற இடம் வந்ததும் குப்பைக்கூடையைத் தேடினார். “இன்னிக்கு உட்காருங்க” என்றேன். உட்கார்ந்தார். குழம்பும் ஊற்றினேன்.

டாக்டர் நம் ஊர்க்காரர், சின்னப் பையன் மாதிரி முகம். “லீவு நாள்ல இருமல் எப்படி இருக்குங்க?” என்று கேட்டார். “லீவா? கடையைத் திறந்து பதினாலு வருஷம் ஆச்சு தம்பி, லீவை நான் பாத்ததில்ல” என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு ஒரு குழாய் கொடுத்தார். வாயில் வைத்து ஓங்கி ஊதினால் மூச்சின் வேகத்துக்கேற்பப் பக்கத்தில் முள் ஏறும். தினம் நான்கு தடவை ஊதிக் குறித்துக்கொண்டு வரச்சொன்னார். கடையில் மத்தியானம் ஆக ஆக முள் கீழே வருகிறது. ஞாயிறும் திங்களும் சேர்ந்தாற்போல் மூடிப் பார்த்தேன், முள் மேலே போகிறது. மறுபடி மூடினேன், மறுபடி மேலே போகிறது. அந்தக் குழாயோடு என்னால் சண்டை போட முடியவில்லை.

மேசையை விட்டு எழுந்துவிட்டேன், லுவா. முதல் வாரம் என் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. வருகிறவர்கள் நகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம், கதவருகே உட்கார்ந்து போன் எடுக்கிறேன். அங்கே ஏற்கெனவே ஹுவே இருக்கிறாள். மணி அடித்தால் இரண்டு பேரும் பாய்கிறோம். அவள் வயிறு முந்திக்கொள்கிறது.

நீ எழுதியபடி எல்லாம் செய்தாயிற்று. விசிறி வெளியே பார்த்து இருக்கிறது. பின்கதவு காலையிலிருந்து சாத்துகிறவரை திறந்தே கிடக்கிறது. முதல் நாளே திருமதி பாச்செகோ, “என்ன சுயென், ஒரே குளிரா இருக்கு?” என்றாள். கடைத்தெருவுக்குப் போய் ஆறு சால்வை வாங்கி வந்தேன். போர்த்திவிட்டேன். “அட, சுகமா இருக்கே” என்று தூங்கிப்போனாள்.

ஆறு சால்வை, லுவா. பத்து நிமிஷ வேலை. நீ ஒன்பது வருஷம் கேட்டாய். அன்று சாயங்காலம் சால்வைகளை மடித்து வைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. ஹுவே பார்த்துவிட்டாள். “அக்ரிலிக் கண்ணெரிச்சலாக்கா?” என்றாள். “ஆமாடி” என்றேன்.

மற்றக் கடைக்காரிகள், சுயென் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறாள் என்று கேலி பேசுகிறார்களாம். அதில் இரண்டு பேர் தனித்தனியாகப் போன் செய்து, விசிறி எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். ஒருத்திக்கு விரல் நுனியெல்லாம் மரத்திருக்கிறதாம். யாரிடமும் சொல்லாதே என்றாள். அவளையும் டாக்டரிடம் அனுப்பினேன்.

பிப்ரவரியில் நம் புத்தாண்டுக்கு வா. வாழையிலையில் அரிசியும் பாசிப்பருப்பும் வைத்துக் கட்ட ஆள் வேண்டும், உன் அண்ணன் கட்டினால் கொதிக்கிற தண்ணீரில் அவிழ்ந்துவிடுகிறது. கடைக்கு வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வா. அந்த மூன்று ரொட்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, ஆளைப் பார்க்க வேண்டும்.

அண்ணி


பிலாக்சி
1 மார்ச் 2010

அண்ணிக்கு,

நேற்று வந்து சேர்ந்தோம். லியெம் வழியெல்லாம் உங்கள் சமையலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். “உங்க அண்ணி என்னை எடை போட்டாங்களா, சோறு போட்டாங்களா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

அங்கே இருந்தபோது வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன்.

புத்தாண்டு மூன்றாம் நாள் நானாகத்தானே கடைக்கு வருகிறேன் என்றேன்? கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்ததும் கால் உள்ளே போகவில்லை. நெஞ்சு இறுகிவிடுமோ என்று உடம்பு தானாகவே நின்றுவிட்டது. நீங்கள், “வாயேன், ஒண்ணும் ஆகாது” என்று சொல்லவில்லை. வெளியே இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். கீரை விலை, டாக்டரின் முகம், பக்கத்து வீட்டுக்காரியின் புதுச் சிகை என்று ஏதேதோ பேசினீர்கள். நான் எழுந்து உள்ளே போனபோதும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தேன். நெஞ்சு சும்மா இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாடை குறைந்திருக்கிறதே தவிரப் போகவில்லை. அக்ரிலிக் இருக்கிறவரை முழுதாகப் போகாது. நாற்பது நிமிஷத்துக்குமேல் நான் தாங்குவேனா என்று தெரியாது. திரும்ப வேலைக்கு வா என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று பயந்துகொண்டேயிருந்தேன். கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

திருமதி பாச்செகோ என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, கேட்டீர்களா? “எவ்ளோ நல்லா இருக்கு! இந்த நகம் யாரு பண்ணினது?” “யாரும் பண்ணலைங்க. தானா வளந்துச்சு.” அவள் நம்பவேயில்லை.

ஹுவேயின் குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்தப் பிடி இன்னும் விரலில் இருக்கிறது.

அண்ணனிடம் தீர்த்துக்கொள்கிறேன் என்றேன் அல்லவா? முதல் நாள் சாப்பாட்டில் மீன் தலையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். சிறுவயதிலிருந்து அது அவர் பங்கு, யாருக்கும் கொடுத்ததில்லை. நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கணக்குத் தீர்ந்தது.

ஜூன் மாதம் இங்கே கோயிலில் கல்யாணம். லியெமின் படகுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், இறாலுக்குக் குறைவிருக்காது. மணப்பெண்ணுக்கு நகப்பூச்சு கிடையாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சண்டைக்கு வரக்கூடாது.

லுவா


சான் ஹோசே
15 மார்ச் 2010

கடைக்குட்டிக்கு,

சண்டைக்கு வரவில்லை. வெறும் விரலோடு நில். அந்த நகங்களை ஊரே பார்க்கட்டும்.

மாப்பிள்ளை நல்லவர். அதிகம் பேசுவதில்லை, நிறையச் சாப்பிடுகிறார். நம் வீட்டுக்கு அப்படித்தான் வேண்டும்.

நீ உண்மையைச் சொன்னதால் நானும் உட்கார்ந்து யோசித்தேன். இருக்கிற அக்ரிலிக் திரவம் தீர்ந்ததும் இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சாதாரண நகம் வெட்டுதல், கால் கழுவுதல், பாலிஷ், இவ்வளவுதான். பெண்களை உட்காரவைத்துச் சொன்னேன். ஒருத்தி, “வாடிக்கை போயிடுமேக்கா” என்றாள். சிலர் போவார்கள்தான். இரண்டு பேர் போயே விட்டார்கள். திருமதி பாச்செகோ போகவில்லை. சால்வையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அது வேறு விஷயம். ஹுவே இப்போது அரை நாள் வருகிறாள். போனுக்கு நான் தனி ராணி.

முள் முன்னைவிட மேலே நிற்கிறது. மருந்தை உறிஞ்சச் சொல்லியிருக்கிறார் டாக்டர், உறிஞ்சுகிறேன். மூக்கு மட்டும் இன்னும் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். உன் அண்ணன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். நான் சமைக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டு வானொலிச் செய்தி மாதிரி வாசிக்கிறார். “பூண்டு செவக்குது... இப்ப எலுமிச்சைப்புல் வாசம் வந்துருச்சு... மீன்சாறு கொஞ்சம் தூக்கல், நிறுத்து, நிறுத்து!” எனக்கு ருசி பாதிதான் தெரிகிறது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

ஜூனுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கடையைப் பத்து நாள் மூடுகிறேன். டாக்டரிடம் சொன்னபோது, “லீவா?” என்று கேட்டுச் சிரித்தார்.

உன் அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். தானும் இரண்டு வரி எழுத வேண்டுமாம். இந்த வீட்டில் அவர் வாயைத் திறக்கிறேன் என்பதே பெரிய விஷயம், எழுதட்டும்.

அண்ணி


தங்கச்சி, முன்னெல்லாம் இவ மாடிப்படியில மூச்சு வாங்கி நடுவுல ரெண்டு தடவை உட்கார்ந்துதான் ஏறுவா. நான் முன்னால போய்க் கதவைத் திறந்து வெச்சுக் காத்திருப்பேன். நேத்து கீரைப் பையைத் தூக்கிக்கிட்டு என்னைத் தாண்டிப் போயிட்டா. மேல நின்னு, “என்ன, வர்றீங்களா இல்லையா?”ன்னு கேக்குறா. அண்ணன் டோவான்.